விளையாடுகிறார் என்று மொழிபெயர்த்தேன்

1

சென்ற மாதம் ஒரு மாலை மகள் ஹனா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். பாடசாலையில் விவாதப் போட்டி. சூதாட்டத்தை அரசாங்கம் தடைசெய்ய வேண்டுமா என்பது தலைப்பு. அவளுக்குக் கிடைத்திருந்தது, தடை வேண்டாம் என்ற பக்கம்.

“வாப்பா, பெரிய ஆக்கள் தங்கட சல்லிய என்ன செய்யிற எண்டு கவர்மெண்ட் ஏன் சொல்லணும்? அது அவங்கட சொய்ஸ் தானே?”

மருதமுனையிலிருந்து மெல்பேர்னுக்கு வரும்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது அவள் தமிழில் தொடங்கும் வசனங்கள் பாதி வழியில் ஆங்கிலத்துக்கு ஏறிவிடுகின்றன. அன்று கொஞ்சம் முயற்சி எடுத்துத் தமிழிலேயே சொன்னாள். எங்கள் பகுதியிலேயே அவளுக்கு நல்ல உதாரணம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். ஒரு கிளப், சூதாட்ட இயந்திரங்களைக் கூட்டுவதற்கு அனுமதி கேட்டது. ஒரு தமிழ்ப் பெண் வந்து, கூட்டக்கூடாது, இருப்பதையும் மூட வேண்டும் என்று சாட்சி சொன்னாள். அந்தச் சாட்சியத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

“ஏன் தெரியுமா? அவட இன்டர்பிரட்டர், அவட ஹஸ்பண்டோட ஒண்டாப் போய் விளையாடுற ஆளாம். அத மறைச்சிட்டாராம். நீங்களும் அந்த வேலதானே செஞ்ச வாப்பா? இப்பிடியும் ஆக்கள் இரிப்பாங்களா?”

என் மனைவி சபீனா மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். “அவர் சாப்பிடட்டும். பொறகு கேளு” என்றாள்.

“இரிப்பாங்க” என்றேன் நான்.

இணையத்தில் கிடக்கும் அந்த விசாரணை முடிவில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லை. அது நான்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் மகளின் பக்கத்துக்கு வலுச்சேர்க்க இரண்டு வாதங்கள் சொல்லிக்கொடுத்தேன். நல்ல வாதங்கள். அவற்றைத்தான் எனக்கு நானே பல வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறேன். அவள் வேகமாகத் தட்டச்சுச் செய்துகொண்டாள்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னுடைய பழைய கதை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுனாமி உம்மாவைக் கொண்டு போனது. அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவில்லை. நானும் சபீனாவும் கைக்குழந்தை ஹனாவும் மருதமுனையில் தகரக் கொட்டில்கள் நிறைந்த முகாம் ஒன்றில் இருந்தோம். எனக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதால் உதவிக்கு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரி ஒருத்தி குறிப்பேட்டோடு கொட்டில் கொட்டிலாகப் போவாள். எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், எத்தனை பேர் மிச்சம் என்று கேட்பாள். நான் அதைத் தாய்மாரிடம் தமிழில் கேட்பேன். அவர்கள் அழுது சொல்வதை ஆங்கிலத்தில் அழாமல் சொல்வேன். முதல் கிழமை நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இரண்டாம் கிழமை நிறுத்தவில்லை. “நீ நல்ல தொழில்காரன்” என்று அவள் பாராட்டினாள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

பிற்பகலில் வேலை முடிந்ததும், அலையில் பாதி இடிந்த ஒரு தறிக்கொட்டிலுக்குப் போவேன். அங்கே பணம் வைத்துக் கடதாசிச் சீட்டு விளையாட்டு நடந்தது. முதலில் பார்க்கத்தான் போனேன். பிறகு உட்கார்ந்தேன். வீடு கட்ட அரசாங்கம் தந்த உதவி, அத்திவாரத்துக்கு, சுவருக்கு, கூரைக்கு என்று தவணை தவணையாக வந்தது. சுவருக்கு வந்ததை நான் அந்தக் கொட்டிலில் விட்டேன். சபீனாவிடம் சீமெந்து தட்டுப்பாடு என்று சொன்னேன். ஊரே அப்போது சீமெந்து தட்டுப்பாட்டைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தது. அவள் நம்பினாள்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை கூடி, முகாமிலும் சுற்றுப்புறத்திலும் சூது விளையாடக்கூடாது என்று முடிவெடுத்தது. மீறியவர்களின் பெயர்களை ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஐந்து பெயர்கள். எனது மூன்றாவது. தறிக்கொட்டிலில் சூதை நடத்தியவனின் பெயர் வாசிக்கப்படவில்லை. அவன் சபை உறுப்பினர் ஒருவரின் மச்சான்.

சபீனா அப்போது தண்ணீர் பவுசர் லொறிக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றாள். வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரும் ஏசவில்லை. விலகி, அவளை முன்னுக்குப் போக விட்டார்கள். அவள் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து கொட்டிலுக்குள் வைத்தாள்.

“ஏசியிருந்தாலும் பறவாயில்ல. முன்னுக்குப் போ புள்ள எண்டு விட்டாங்க” என்றாள். அதற்குப் பிறகு நாற்பது நாள் வரை என்னோடு கதைக்கவில்லை.

தறிக்கொட்டிலின் மிச்சச் சுவரையும் இளைஞர்கள் இடித்துப் போட்டார்கள். அதன் பிறகு நான் விளையாடவில்லை. நான் திருந்திவிட்டதாக ஊரில் சொன்னார்கள். விளையாட இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். சுவருக்கு வேண்டியதை சபீனா தன் காப்புகளை விற்றுப் போட்டாள். அடுத்து வந்த தவணை முழுவதும் கூரைக்குப் போனது.

3

போர் முடிந்ததும் கல்முனையில் பட்டாசு கொளுத்தினார்கள். சில மாதங்களில் வெளிநாட்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்குத் திரும்பின. எனக்கு வேலை போயிற்று. சபீனா கெட்டிக்காரி. அவளுக்குப் படிப்பு விசா கிடைத்தது. அவளுடைய துணை என்ற தகுதியில் நான் வந்தேன். இங்கே அலுவலாகப் போன கந்தோர்களிலெல்லாம் படிவத்தில் அவளுக்குக் கீழே என் பெயரை எழுதினார்கள். அது எனக்குள் குத்தியது. பிறகு பரீட்சை எழுதி மொழிபெயர்ப்பாளரானேன். வைத்தியசாலை, குடிவரவுக் கந்தோர், நீதிமன்றம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனேன்.

இங்கே கிளப் என்பது பகலில் போகிற இடம். மலிவான மதியச் சாப்பாடு, குளிர்பதனம், இலவசத் தேநீர். உள்ளே ஒரு கதவுக்கு அப்பால் இயந்திரங்கள் இருக்கும். ‘போக்கி’ என்பார்கள். பொத்தானை அமத்தினால் படங்கள் சுழன்று நிற்கும். அவ்வளவுதான் விளையாட்டு. குடிக்காதவனுக்கு அங்கே என்ன ஆபத்து என்று நினைத்துத்தான் நானும் முதலில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிடப் போனேன். உறுப்பினர் அட்டை தந்தார்கள். அடுத்த முறை போனபோது வாசலில் நின்ற பெண் பெயர் சொல்லி வரவேற்றாள். ஊரில் என் பெயரைச் சொன்ன ஒலிபெருக்கியை நினைத்துக்கொண்டேன். இங்கே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சில நாட்களில் அந்தக் கதவுக்கு அப்பாலும் போய் உட்கார்ந்தேன்.

செல்வராசாவை ஒரு வைத்தியரின் அறையில் சந்தித்தேன். திருக்கோவில்காரர், கடல்தொழில் செய்தவர். சுனாமியில் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். போர் முடிந்த பிறகு மனைவியோடு படகேறி வந்து, தற்காலிக விசாவில் இருந்தார். தூக்கம் இல்லை என்று வைத்தியரிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். வைத்தியர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும், எங்கள் வழக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், “நானா, பசிக்கிது. இங்க மலிவாச் சாப்பிட ஏலுமா?” என்று கேட்டார்.

நான் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். சாப்பிட்டு முடிந்த பிறகு அந்தக் கதவைத் திறந்து காட்டியதும் நான்தான். பக்கத்து இயந்திரத்தில் அவரை உட்கார வைத்து, எங்கே அமத்துவது என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். அன்று அவருக்குக் கொஞ்சப் பணம் விழுந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

“இதுல இருந்தா ஒண்டும் நினைவு வருகுதில்ல நானா” என்றார். மாத்திரை எழுதிய வைத்தியரைவிட நான் நல்லது செய்துவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் ஒன்றாகப் போனோம். அவர் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு அந்த வேலையும் போனது. அவருடைய மனைவியை நான் கண்டதில்லை. அவர் வீட்டில் என்னைப் பற்றி, “ஒரு நானாவோட போறன்” என்பதற்கு மேல் சொன்னதும் இல்லை.

4

நாங்கள் போகும் அந்தக் கிளப் இயந்திரங்களைக் கூட்ட அனுமதி கேட்ட விசாரணைக்கு என்னை அழைத்தபோது கோப்பில் சாட்சியின் பெயர் இருந்தது. புஸ்பம். சொந்த ஊர் திருக்கோவில். கணவன் பெயரும் இருந்தது. நான் வேலையை மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் வேலை தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்குத் தெரியவரும், அங்கிருந்து சபீனாவுக்கும். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

தலைமை அதிகாரி தொடக்கத்திலேயே கேட்டார்: சாட்சியையோ அவருடைய குடும்பத்தையோ உங்களுக்குத் தெரியுமா? இல்லை என்றேன். அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் நான் புஸ்பத்துக்கு மொழிபெயர்க்கவில்லை.

மெலிந்த பெண். விசாரணை தொடங்கும் முன் நடைபாதையில் என்னிடம் தாழ்ந்த குரலில், “எங்கட விசாவுக்கு ஒண்டும் வராதே நானா?” என்று கேட்டாள். வராது என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அவள் சொன்னாள்: “என்ட மனுசன் விடிஞ்சா அங்க விளையாடத்தான் போறாரு.”

சூதாடுகிறார் என்பதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. விளையாடுகிறார் என்பதற்கும் உண்டு, சிறு பிள்ளைகள் பந்து விளையாடுவதற்கும் அதே சொல்தான். நான் இரண்டாவதைச் சொன்னேன். அவள் வாயில் வந்ததும் அந்தச் சொல்தானே என்று பிறகு எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அவள் என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று அந்த அறையில் என்னைப்போல் தெரிந்தவர் எவருமில்லை.

கிளப்பின் சட்டத்தரணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் கணவர் அங்கே விளையாடுவதில் மகிழ்ச்சி அடைகிறார், அப்படித்தானே?”

மொழிபெயர்த்தேன். புஸ்பம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“சந்தோசமா? சந்தோசமா இருந்தா நான் ஏன் இஞ்ச வாறன்?”

அதையும் மொழிபெயர்த்தேன். முகாமில் பழகிய குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

உங்கள் கணவர் வயது வந்தவர், அவர் தன் விருப்பப்படி செலவழிப்பதை அரசாங்கம் ஏன் தடுக்க வேண்டும் என்று சட்டத்தரணி கேட்டார். அவள் தலைமை அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, என்ட ரெண்டு புள்ளயையும் கடல் கொண்டு போச்சி. அதுக்கு ஆரயும் கேக்க ஏலா. கடலுக்கு ஆரும் கையெழுத்துப் போட்டு விடயில்ல. இதுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடுறீங்க. அதான் கேக்க வந்தன். போடாதீங்க. இருக்கிறதையும் மூடுங்க.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் தலை குனிந்தார்கள். வெளியே வந்ததும் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொன்னது எனக்கு விளங்கல்ல. ஆனா அவங்கட முகத்தப் பாத்தன். நல்லாச் சொன்னீங்க நானா.” என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டாள். கொடுத்தேன்.

அன்று பிற்பகல் செல்வராசா பக்கத்து இயந்திரத்தில் இருந்தார். மனைவி காலையில் எங்கே போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

5

முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். அதற்கிடையில் புஸ்பம் எனக்கு அடிக்கடி அழைத்தாள். வரும் கடிதங்களைப் படம் எடுத்து அனுப்புவாள். நான் வாசித்துச் சொல்வேன். பிறகு ஒரு நாள், இந்த நாட்டில் ஒரு படிவம் இருக்கிறதாம், சூதாடும் இடங்களில் தன்னை உள்ளே விடாதீர்கள் என்று விளையாடுகிற ஆளே எழுதிக் கொடுக்கலாமாம், அதை நிரப்பித் தர வாருங்கள் என்று கேட்டாள். “அவர் ஓம் எண்டு சொல்லிட்டாரு நானா. மனம் மாற முன்னம் வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். கதவைத் திறந்தது செல்வராசா. இருவரும் முதன்முறை சந்திப்பவர்கள்போல் கைகுலுக்கினோம். மூவரும் சிறிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். புஸ்பம் தேத்தண்ணி வைத்தாள். பெயர், பிறந்த திகதி, ஒட்டுவதற்கு ஒரு புகைப்படம். பிறகு, எந்தெந்த இடங்களுக்கு உங்களை விடக்கூடாது என்று கேட்டு வெற்றுக் கோடுகள்.

நான் எழுதத் தொடங்கினேன். பெயர், தெரு. அடுத்த பெயர், தெரு. பேனா எங்கும் நிற்கவில்லை. பதினோரு இடங்கள். பன்னிரண்டாவது ஒன்று இருந்தது, ரயில் பாதைக்குப் பக்கத்தில், பழைய மதுவிடுதி. அதை எழுதக் கையெடுத்தபோது செல்வராசா என்னைப் பார்த்தார். அவர் கெஞ்சவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் பேனாவை வைத்தேன். அவர்மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் ஒரு துணை தேவைப்பட்டது.

புஸ்பத்துக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் யோசித்து எழுதுகிறானா, யோசிக்காமல் எழுதுகிறானா என்று பார்க்கத் தெரியும்.

“இவ்வளவு இடமும் உங்களுக்கு எப்பிடித் தெரியும் நானா?”

“தொழிலால போய்வந்த இடங்கள்” என்றேன்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு நானாவோட போறன், ஒரு நானாவோட போறன் எண்டு சொல்லுவீங்களே. அந்த நானா ஆரு?”

புஸ்பம் எழுந்து, நான் பாதி குடித்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அதைக் கழுவும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழுவினாள்.

6

தன்னுடைய தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும், ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணைக் கொண்டு புஸ்பம் ஏஜென்சிக்கு முறைப்பாடு எழுதினாள். அவள் கேட்டது ஒன்றுதான்: இந்த ஆளை இனி ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். ஏஜென்சி விசாரித்தது. மறுக்க வழியில்லை, கிளப்பின் அட்டைப் பதிவில் செல்வராசாவோடு நான் போன இரண்டு வருடமும் இருந்தது. அவர்கள் விதிப்படி விசாரணை அதிகாரிகளுக்கு அறிவித்தார்கள். கிளப்பின் சட்டத்தரணி உடனே எழுந்தார். மொழிபெயர்ப்பாளர் பொய் சொன்னவர் என்றால் அவர் வழியாக வந்த சாட்சியத்தை எப்படி நம்புவது என்று கேட்டார். சட்டப்படி அது சரியான கேள்வி. நான் ஒரு சொல் விடாமல் சொன்ன அந்தச் சாட்சியம் முழுவதையும் ஒதுக்கி வைத்தார்கள். என்மேல் அவள் கொடுத்த முறைப்பாடு அவளுடைய வாயையே அடைத்தது.

அவளுக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்திருந்தார்கள். வேறு மொழிபெயர்ப்பாளரோடு மீண்டும் வந்து சாட்சி சொல்லலாம், இரண்டு கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்று கடிதம் போயிருக்கிறது, ஆங்கிலத்தில். அவளுக்குக் கடிதம் வாசித்துச் சொல்லிவந்தவன் நான்தான். தொழிற்சாலைப் பெண் அந்த நேரம் ஊருக்குப் போயிருந்தாள். தண்ணீர், மின்சாரக் கட்டணப் பட்டியல் என்று வரும் உறைகளோடு அதுவும் பிரிக்கப்படாமல் கிடந்தது. செல்வராசா பிறகு எனக்குச் சொன்னார். சொன்ன இடம், ரயில் பாதைக்குப் பக்கத்தில், படிவத்தில் நான் எழுதாமல் விட்ட அந்த மதுவிடுதி.

கிளப்புக்கு அனுமதி கிடைத்தது.

என் மொழிபெயர்ப்பாளர் அங்கீகாரம் போயிற்று. இப்போது களஞ்சியம் ஒன்றில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிறேன். அதை அறிவித்த கடிதம் வீட்டுக்கு வந்த அன்று சபீனா அதை நின்றபடியே வாசித்தாள். என் வங்கி அட்டையை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். “மகளுக்குச் சொல்ல மாட்டன். ஒங்களுக்காக இல்ல” என்றாள். ஊரில் நாற்பது நாள் பேசாமல் இருந்தவள் இங்கே பேசுகிறாள். கறிக்கு உப்புக் காணுமா, குப்பை வாளியை வெளியே வைத்தீர்களா, இவ்வளவுதான்.

ஹனாவின் அணி வென்றது. நான் சொல்லிக்கொடுத்த இரண்டாவது வாதத்தை நடுவர் தனியாகப் பாராட்டினாராம்.

7

நம் நாட்டிலும் இப்போது கொழும்பில் பெரிய சூதாட்ட விடுதிகளைக் கட்டவிடலாமா என்று கதைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வெளிநாட்டார் மட்டும்தான் வருவார்கள், நாட்டுக்கு வருமானம் என்கிறார்களாம். என் கருத்தைக் கேட்க ஒருவருக்கும் காரணமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

தடைசெய்ய வேண்டும். எங்கள் ஊர்த் தடையில் நீதி இருக்கவில்லை, மச்சானைத் தப்பவிட்டு என்னைப் பிடித்தார்கள். வரிசையில் நின்ற என் மனைவியைத் தண்டித்தார்கள். அதற்காக நான் அவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்குக் கூரை வந்தது அந்தத் தடையால்தான். இங்கே எவரும் என்னை அவமதிக்கவில்லை. உதவி எண் எழுதிய ஒட்டுத்தாள் ஒவ்வொரு இயந்திரத்திலும் இருக்கிறது. படிவம் இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார், எல்லாவற்றையும் நானே தேடிப் போகலாம். கதவையும் நானே திறக்கலாம். விருப்பம், சுதந்திரம் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அது அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்காராதவர்களுக்கு உள்ள வாதம். உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அங்கே விரும்புகிறவன் என்று ஒருவன் இல்லை.

டிசம்பர் இருபத்தாறாம் திகதி, சுனாமி வந்த நாள், காலையில் உம்மாவுக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதிவிட்டு, புஸ்பத்தின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியாது. மேல்முறையீடு செய்யலாம், எழுதித் தருகிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவள் கதவைப் பாதி திறந்தாள். பின்னால் தரையில் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் படம் இல்லை, படங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. செல்வராசாவைக் காணவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதினா நீங்க எழுதினதுதான் இருக்கும். வேணாம்.”

நான் போகத் திரும்பினேன்.

“அவர் இப்ப எங்க போறாரு எண்டு எனக்குத் தெரியும்” என்றாள். “அந்த ரயில் ரோட்டுக்குக் கிட்ட. நீங்க எழுதாம விட்டது. அவரே சொன்னாரு. இண்டைக்கும் அங்கதான். புள்ளயளுக்கு விளக்கு வைக்கவும் நிக்கல்ல. போய்க் கூட்டி வரணும். எந்த பஸ்?”

சொன்னேன். எத்தனையாவது தரிப்பில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பக்கவாசல் எது, அவர் வழக்கமாக உட்காரும் மூலை எது. அவள் ஒவ்வொன்றையும் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டாள்.

“நீங்களும் இப்ப அங்கதானே போறீங்க?” என்று கேட்டாள்.

நான் பஸ் தரிப்பின் பக்கம் பார்த்தேன்.

“அப்ப நீங்க போய்ட்டு வாங்க. உங்களோட ஒரே பஸ்ஸில ஏற மாட்டன். நான் நாளைக்குப் போறன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.